நார்வேயில் இரண்டாம் பந்தி

எங்கள் மூக்கனேந்தல் ஆட்கள் நார்வே நாட்டில், மலைக்கு நடுவே கடல் நுழைந்து படுத்திருக்கிற ஓர் ஊரில், பதினாலே பதினாலு நாற்காலி போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காக வந்து நின்றது ஒரு ஜூன் மாதத்து வியாழக்கிழமை, மதியம் ஒண்ணே முக்கால் மணிக்கு, ஏழாவது தட்டு முடிந்து எட்டாவது தட்டு வருவதற்கு முன்னால். எப்படி வந்தார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிறவனிடம் போய் எப்படி வந்தாய் என்று யாராவது கேட்பார்களா? வந்தார்கள், நின்றார்கள், நாற்காலியின் முதுகைப் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

என் பெயர் காளீஸ்வரி. பதினேழு வயது. பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். ஒரே பெஞ்சில் எட்டுப் பீரியட் உட்காருவது என் உடம்புக்கு ஒத்துவரவில்லை, அதற்குப் பின்னால் சோகக்கதை எதுவும் கிடையாது. இப்போது அப்பாவோடு பந்திக்குப் போகிறேன்.

அப்பா பெயர் வழிவிட்டான். எங்கள் பக்கத்து ஐயனார் பெயர் அது, சிரிக்காதீர்கள். அவர் பந்தி விசாரிக்கிறவர். சமைக்கிறவரும் இல்லை, வாளி தூக்குகிறவரும் இல்லை; நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது முன்னும் பின்னும் நடந்து, யாருக்கு எது தீர்ந்தது, யார் கூச்சத்தில் கேட்காமல் இருக்கிறார், யார் வீம்புக்கு வாங்கி மிச்சம் வைக்கப் போகிறார் என்று பார்த்து, வாளிக்காரர்களுக்குக் கண்ணாலேயே சொல்லுகிற வேலை அது. சுற்றுவட்டாரத்தில் நாற்பது ஊருக்கு அப்பாதான். ஓர் ஆள் வந்து உட்காரும்போதே அவன் எத்தனை கரண்டி தின்பான் என்று சொல்லிவிடுவார், ஒரு பருக்கை கூடாது, குறையாது. அவர் விசாரித்த கல்யாணத்தில் இலைக்கு வருகிற ஆடுகள் வெறும் இலையைத்தான் தின்றுவிட்டுப் போகும்.

அக்கா பெயர் தங்கேஸ்வரி. மதுரையில் கேட்டரிங் படித்து, கப்பலில் ரெண்டு வருஷம் வெங்காயம் உரித்து, அங்கிருந்து இந்தக் கடைக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். உலகத்துப் பெரிய சாப்பாட்டுக் கடைகளை வரிசை போட்டால் முதல் பத்துக்குள் வருகிற கடையாம் இது. ஒன்றரை வருஷம் முன்னால் பெயர் பதிந்தால்தான் இடம். பழைய படகுக் கொட்டகை ஒன்றைக் கழுவித் துடைத்து, ஒரே நீள மேஜை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் வேலை பார்த்த சமையல்காரர் தன் வீட்டு ஆட்கள் இரண்டு பேரை ஒருநாள் விருந்தாளியாக உட்கார வைக்கலாம் என்பது அங்கே வழக்கம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர், அக்கா போன பிறகு ரெண்டு பேர். அதனால் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குக் குழப்பம் இல்லை.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு, அதுதான் வில்லங்கம். கடையின் எஜமானி பெயர் ஹெல்கா. வெள்ளிக் கம்பி மாதிரிப் பின்னல் போட்ட ஆறடிப் பொம்பளை. வருஷம் முடிகிற சமையல்காரர் சொந்தமாக ஒரு சாப்பாடு செய்து ஒரே ஒரு நாள் மேஜையில் வைக்க வேண்டும். விருந்தாளிகள் தட்டு எல்லாம் துடைத்த மாதிரித் திரும்பி வந்தால் அந்தச் சாப்பாடும் அந்த ஆளும் கடையில் நிரந்தரம். ஒரு தட்டில் ஒரு வாய் மிஞ்சினாலும் மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டு ஆட்களின் தட்டு கணக்கில் சேராது. அன்றைக்குப் பதினாலு நாற்காலியில் நாங்கள் ரெண்டு பேர் போகப் பன்னிரண்டு தட்டு. அக்காவின் சாப்பாடு பதினோராவதாக வர வேண்டியது.

அக்காவுக்கு அங்கேயே இருக்க வேண்டும். அதை அவள் மறைக்கவில்லை. அப்பாவுக்கு அவள் வீட்டுக்கு வர வேண்டும். அதை அவர் மறைத்தார், ஆனால் விமானத்தில் மேகத்துக்கு மேலே போனதும் தானாக வெளியே வந்துவிட்டது.

"பன்னெண்டு தட்டுல ஒரு தட்டு மிஞ்சாமலா போயிரும்?" என்றார்.

"யப்பா, நீ அவ ஜெயிக்கணும்னு போறியா, தோக்கணும்னு போறியா?"

"பெல்ட்டை மாட்டு ஆத்தா, விளக்கு எரியுது பாரு."

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு உட்கார வைத்தார்கள். முதல் தட்டில் ஒரு கூழாங்கல், கல் மேல் ஓர் இலை, இலை மேல் கடுகு அளவு பச்சைப் புள்ளி. பரிமாறுகிற பெண் பக்கத்தில் நின்று அந்தப் புள்ளியின் கதையை நாலு நிமிஷம் சொன்னாள். நான் புள்ளியை நக்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்த்தேன். அடுத்தது இருபது நிமிஷம் கழித்து வந்தது, சிப்பிக்குள் புகை. மூன்றாவது, பைன் மரத்து ஊசி இலை போட்ட வெந்நீர். நாலாவது ரொட்டியும் வெண்ணெயும். பொய் சொல்ல மாட்டேன், அந்த வெண்ணெய் நாக்கில் பட்டதும் எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது, பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் தட்டைத் தூக்கி முகத்தில் தேய்த்திருப்பேன். ஆனால் அதற்கப்புறம் மறுபடி கதை, மறுபடி காத்திருப்பு. எங்கள் ஊரில் ஒரு பந்தி பதினெட்டு நிமிஷம். இங்கே நாலு மணி நேரம். இதற்குப் பள்ளிக்கூடமே தேவலை.

எங்களுக்கு எதிரே எமில் என்று ஒரு மெலிந்த பெரியவர், சுவிட்சர்லாந்துக்காரர். உலகம் பூராவும் முந்நூறு கடையில் சாப்பிட்டவராம். எதையும் பாதிக்கு மேல் சாப்பிட மாட்டாராம். மிச்சப் பாதியை ஞாபகத்துக்கு விட்டு வைப்பாராம். கல்லின் மேலிருந்த புள்ளியில்கூடப் பாதியை வைத்திருந்தார். காலையிலேயே பதிவு நோட்டில் அந்தப் பெயரைப் பார்த்து அக்கா தலையில் கை வைத்துவிட்டாள். "இந்த ஆளு இன்னைக்குத்தான் வரணுமா? போன மாசம் ஒரு இத்தாலிக்காரன் இந்த மாதிரி ஒருத்தராலதான் பெட்டியைக் கட்டினான்." அப்பா எமிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது.

நிம்மதி இருந்தாலும் அப்பாவால் உட்கார முடியவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேஜையின் அந்தக் கோடியில் ஒரு ஜப்பான்கார அம்மாவுக்கு ரொட்டி தீர்ந்து, அவர் கூடையைப் பார்ப்பதும் மடியைப் பார்ப்பதுமாக இருக்க, பரிமாறுகிற பெண்ணோ இந்தக் கோடியில் பாசியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, இருபத்தாறு வருஷமாகப் பந்தி விசாரித்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார், ஏழாவது தட்டு முடிந்ததும் எழுந்தார், கூடையை எடுத்தார், போய் அந்த அம்மா தட்டில் ஒரு துண்டு வைத்தார், அந்த அம்மா இடுப்பை வளைத்துக் கும்பிட்டார், அப்பா திரும்பினார். அவர் நாற்காலியில் தையல்கடை சிக்கந்தர் மாமா உட்கார்ந்திருந்தார்.

பந்தியில் உட்கார்ந்தவன் பந்தி முடியாமல் எழக்கூடாது, எழுந்தால் இடம் போச்சு. நாற்பது ஊருக்கு அப்பாவே சொல்லுகிற சட்டம் அது.

"டேய் மாப்ள, எந்திரிடா. அது என் இடம்."

"எந்திரிச்சுட்டீகல்ல மாமா. எந்திரிச்சா அம்புட்டுத்தான்." சிக்கந்தர் மாமா கழுத்தில் அளவு நாடா தொங்கியது, காதில் சாக்குக்கட்டி. "பாதி ஜாக்கெட்டு மிசின்ல கெடக்கு. வெரசா வைக்கச் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் பால் சொசைட்டி நாச்சம்மா, அவளுக்குப் பின்னால் அவள் மருமகள், கைப்பந்து விளையாடிவிட்டு வியர்வையோடு வந்த நாலு பையன்கள், தபால்காரர், கொழுந்தன் வீட்டோடு பேசாமல் இருக்கிற குருவம்மாளும் பேசாமல் இருக்கப்படுகிற கொழுந்தனும் ஆளுக்கொரு மூலையில், மழைக்குக் குடையோடு சத்துணவுப் பஞ்சவர்ணம் டீச்சர், இப்படிப் பன்னிரண்டு பேர் சுவரோரம் நிறைந்து, ஆளுக்கொரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறவர் எப்போது எழுவார் என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெல்கா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அவள் ஏதோ கேட்டாள். பின்னாலேயே வந்த அக்கா எங்கள் ஆட்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "எல்லாரும் பேரு பதிஞ்சுட்டு வந்தீகளான்னு கேக்குறாங்க."

"பத்திரிகை வைக்கலைதான்," என்றார் சிக்கந்தர் மாமா. "அதுக்கென்ன, நீ நம்ம புள்ள. நம்ம புள்ள வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகை பாப்போமா?"

அக்கா அதை அப்படியே அந்தப் பாஷையில் சொன்னாள். ஹெல்கா அரை நிமிஷம் யோசித்தாள். புயலில் படகு ஓட்டின குடும்பமாம் அவள் குடும்பம். வந்தது வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று பார்க்கிற ஜாதி. "எட்டாவது தட்டு ஆறிப்போகிறது," என்றாள். "யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்கு வை."

அதற்கப்புறம் நாற்காலிகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் விழுந்தன. நாங்கள் யாரையும் தள்ளவில்லை, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிடரியில் மூச்சுக்காற்று பட்டுக்கொண்டிருந்தால் எந்த நாட்டு மனுஷனுக்கும் எழத்தான் தோன்றும். பிரேசில்கார அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சிகரெட் பிடிக்க வெளியே போனார்கள், கைப்பந்துப் பையன்களில் ரெண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஜப்பான்கார அம்மா கடலைப் பார்க்க ஜன்னலுக்குப் போனார், வீட்டுக்காரர் துணைக்குப் போனார், குருவம்மாளும் கொழுந்தனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டார்கள். கடைசி வரைக்கும் அசையாமல் இருந்தவர் எமில்தான். பஞ்சவர்ணம் டீச்சர் குனிந்து அவர் காதருகில், "கை கழுவியாச்சா?" என்று கேட்டார். இருபது வருஷமாக இருநூறு பிள்ளைகளை எழுப்பிக் குழாயடிக்கு அனுப்பின குரல் அது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வரும்போது டீச்சர் மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்.

விருந்தாளிகள் முதலில் திகைத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் நாற்காலி முதுகில் ஒரு விரலை வைத்தார். அப்புறம் கையை வைத்தார். அப்புறம் இன்னொருவர். பத்தாவது தட்டு வரும்போது பன்னிரண்டு பேரும் எங்கள் ஆட்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, யார் முன்னால் முடிப்பார் என்று கணக்குப் போட்டு, இடம் மாறி மாறி நிற்கப் பழகிவிட்டார்கள். பிரேசில் தம்பி தன் அண்ணனுக்கும் சேர்த்து ரெண்டு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தான். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

கடையும் மாறியது. எட்டாவது தட்டுக்குப் பரிமாறுகிற பெண் கதையை ஆரம்பித்தாள். நாச்சம்மா, "கதை கெடக்கட்டும்த்தா, பசிக்குது, வை," என்றாள். ஒன்பதாவதுக்கு அவள் ஒரு வரி சொன்னாள். பத்தாவதுக்கு "மீன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அவளுக்கும் அந்தக் கதைகள் பிடிக்காது போல. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "உப்பு மட்டு." "இது என்னது, பல்லு விளக்குற பவுடரா?" "மானை அறுத்தது யாருன்னு கேளுங்க மாமா," என்று சிக்கந்தர் மாமா ஹலாலா என்று தெரியாத அந்த மான் கறியை மட்டும் மரியாதையாகப் பக்கத்துத் தட்டுக்கு நகர்த்தினார். அந்தப் பக்கத்துத் தட்டு என் தட்டு. நன்றாக இருந்தது.

பதினோராவது தட்டு வந்தது.

அந்த ஊரில் பெரிய மீனை உப்பே போடாமல் கடற்கரையில் மரச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே கருவாடாக்குகிறார்கள். கட்டை மாதிரி இருக்கும், சுத்தியலால் அடிக்க வேண்டும். அக்கா அதை ஒரு வாரம் ஊறவைத்து, மிளகும் பூண்டும் வைத்து வாட்டி, பார்லியைப் புளிக்கவைத்துக் கூழாக்கி, கூழின் மேல் விரல் அகலத் துண்டு ஒன்றை இடுக்கியால் நிற்கவைத்திருந்தாள். அந்த வாசனை வந்ததும் கொழுந்தன் குருவம்மாளைப் பார்த்து, "மதினி, கருவாடு," என்றார். மூணு வருஷத்துக்கப்புறம் பேசின முதல் பேச்சு. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வாய். பதினாலு தட்டும் ஒரு நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அக்கா அடுக்களைச் சன்னலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஹெல்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"வீட்டு ஆட்களின் தட்டு கணக்கில்லை."

"இவங்க ஊர்க்காரங்க, வீட்டு ஆட்கள் இல்லை," என்றாள் அக்கா.

"பத்திரிகை இல்லாமல் வரலாம் என்றார்களே. அப்படியானால் வீட்டு ஆட்கள்தான்."

அவள் சொன்னது நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஹெல்கா நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பேரைக் காட்டி, "என் விருந்தாளிகள் இவர்கள். ஒரு மணி நேரமாகப் பசியோடு நிற்கிறார்கள். உன்னிடம் இவர்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

விரல் அகலத் துண்டு இனி ஒன்றுகூடக் கிடையாது. அக்கா அடுக்களைக்குள் போனாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் உள்ளே இரும்புச் சட்டி நகருகிற சத்தம் கேட்டது. ஒரு விரல் துண்டுக்காக ஒரு முழ மீனை வெட்டித் தள்ளுகிற கடை அது. தள்ளின ஓரம், வால், தோல், கழுத்துச் சதை எல்லாம் வேலையாட்கள் மதியச் சாப்பாட்டுக்கென்று தனியாக இருந்தது. அதை மொத்தமாக நசுக்கிப் போட்டு, மிச்சக் கூழை ஊற்றி, அடுப்பை எரியவிட்டு, கால் மணி நேரத்தில் ஒரு பெரிய சட்டியை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மேலே நிற்கவைக்க ஒன்றும் இல்லை. ஆவி மட்டும் நின்றது.

எங்கள் ஆட்கள் பந்தி முடிந்ததென்று எழுந்தார்கள், கையைக் கழுவினார்கள், பழக்க தோஷத்தில் மறுபடி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள். விருந்தாளிகள் விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். ஹெல்கா பரிமாறுகிற பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் சட்டியைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், கையை விரித்தாள்.

அக்கா நேராக அப்பாவிடம் வந்து கரண்டியை நீட்டினாள். "யப்பா, நீயே ஊத்து."

அப்பா மனசு அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் "எப்ப ஆத்தா வாரே" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியாது? தெரிந்தேதான் கொடுத்தாள். அப்பா கரண்டியை வாங்கினார், எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

அப்புறம் அவர் நடந்தார், நாற்பது ஊரில் நடக்கிற அதே நடை, அவசரமும் இல்லாமல் மந்தமும் இல்லாமல், நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன், ஜப்பான்கார அம்மாவுக்கு ஒண்ணேகால் கரண்டி, அவர் வீட்டுக்காரருக்கு மூன்று, பிரேசில் அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு அஞ்சு, மூக்குத்தி போட்ட ஒரு கனடாக்காரப் பெண்ணுக்கு ரெண்டும் அதன் மேல் வால் துண்டு ஒன்றும், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரும் கூட என்றும் சொல்லவில்லை குறைவு என்றும் சொல்லவில்லை, அத்தனை பேரும் சத்தம் போட்டு உறிஞ்சினார்கள், தட்டுகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டே வந்தன. பத்து. பதினொன்று. கடைசியில் எமில்.

கரண்டி அவர் தட்டுக்கு மேல் நின்றது. நிறையவே இருந்தது கரண்டியில்.

ஒரு கரண்டியை முழுசாக ஊற்றினால் அவர் பாதியை வைப்பார், அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். வேறெதுவும் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் ஊற்றின மாதிரி ஊற்றினாலே முடிந்தது, யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் ஒன்றும் நல்லவள் இல்லை. எனக்கும் அக்கா வர வேண்டும், அவள் தலைமாட்டில் படுத்துக்கொண்டு வாய் வலிக்கப் பேச வேண்டும். என் மனசு ஊத்து ஊத்து என்றுதான் சொன்னது.

அப்பா கரண்டியைச் சட்டிக்குள் கவிழ்த்தார். நுனியில் ஒட்டினதை மட்டும், உள்ளங்கைக் குழி அளவு, எமில் தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எமில் அதைப் பார்த்தார். பாதியாக்க இடம் பார்த்தார். ரெண்டு பக்கத்திலும் பதினோரு பேர் உறிஞ்சுகிற சத்தம், ஒரு மணி நேரம் நின்ற கால், எதிரே இருக்கிறதோ ஒரே வாய். எடுத்துப் போட்டுக்கொண்டார். தட்டு காலி. தலையை நிமிர்த்தி அப்பாவைத் தேடினார். அப்பா மறுகோடியில் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எமில் லேசாக இருமினார். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. எமில் தட்டை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"ஏங்க வழிவிட்டான், பாவம், மனுசன் தட்டைத் தூக்குறாரு," என்றார் பின்னால் நின்ற பஞ்சவர்ணம் டீச்சர். "வைங்க."

அப்பா வந்தார். மறுபடி உள்ளங்கைக் குழி அளவு. மறுபடி போய்விட்டார். மறுபடி தட்டு மேலே எழுந்தது. மூன்றாவது தடவை பிரேசில் தம்பி கை தட்டினான். ஐந்தாவது தடவை எல்லாரும் எண்ண ஆரம்பித்தார்கள், அவரவர் பாஷையில். ஒன்பது தடவை. ஒன்பதாவது முடிந்ததும் எமில் தன் ஸ்பூனைக் கீழே வைத்து, விரலால் தட்டை ஒரு சுற்று வழித்து, அந்த விரலைச் சப்பினார். முந்நூறு கடையில் சாப்பிட்டவர்.

"இந்தப் புள்ள இனி நல்லாச் சாப்பிடும்," என்றார் டீச்சர்.

ஹெல்கா பன்னிரண்டு தட்டையும் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த சாப்பாட்டு வரிசை அட்டையில் பதினோராவது வரியை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதினாள். அக்கா கதவுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் காத்திருக்க வைக்கப் பிடிக்காது. எங்கள் ஆட்கள் வெற்றிலை கேட்டார்கள். ஹெல்கா புளிப்பாக ஏதோ காட்டு இலையை ஆளுக்கு ரெண்டு கொடுத்தாள். மென்றுகொண்டே மழையில் இறங்கி நடந்தார்கள், குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் கடைசியாகப் போனார். மறுநாள் காலையில் சிக்கந்தர் மாமா அந்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டார். ஊரில் இன்றைக்கும் அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாம் சரி, ரசம் வைக்காததுதான் குறை என்பார்கள், போன வருஷம் பரமக்குடியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. குருவம்மாளும் கொழுந்தனும் இப்போது வேறு விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள், ஆனால் பேசிச் சண்டை போடுகிறார்கள். அந்தக் கடையில் இப்போது வியாழக்கிழமைகளில் ரெண்டு பந்தி. ஒன்றரை வருஷம் முன்னால் பெயர் பதிகிறவர்களில் பாதிப்பேர் ரெண்டாம் பந்திதான் வேண்டும், நின்று காத்திருந்து சாப்பிட வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு மேஜையில் யாரும் இல்லை. பரிமாறினவர்கள்தான் கடைசியில் சாப்பிட வேண்டும். அக்கா அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு தட்டு வைத்தாள். சட்டியில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து அவளே பரிமாறினாள்.

"நாலு கரண்டிதான யப்பா உனக்கு?"

நாலு ஊற்றினாள். சாப்பிட்டார். அஞ்சாவது ஊற்றினாள். சாப்பிட்டார். எங்கள் பக்கம் வயிறு நிறைந்தவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார், அதைப் பார்த்ததும் ஊற்றுகிறவர் நகர்ந்துவிட வேண்டும். அப்பாவின் இடது கை மடியிலேயே கிடந்தது. ஆறு. ஏழு. அவர் வாழ்நாளில் ஏழு கரண்டி தின்று நான் பார்த்ததில்லை. வேர்த்துக் கொட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகுதான் காரணம் என்றார், நன்றாக வந்திருக்கிறது ஆத்தா என்றார், உப்பு சரியாக இருக்கிறது என்றார். அக்கா சிரித்துக்கொண்டே எட்டாவதை ஊற்றினாள்.

நாலரைக்கு எங்களுக்கு விமான நிலையத்துக்குப் பஸ். மணி நாலேகால். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சட்டியைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன், இன்னும் ரெண்டு கரண்டி இருந்தது, பஸ் நேரத்தைச் சொல்லாமல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.